பூமும் அரங்கமும்

ஜூன் 3, செவ்வாய்

புது வருஷத்துக்கு ஆபீசில் கொடுத்த டைரி. இத்தனை மாதமாக இதன் மேல் காபி டம்ளர்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வசந்தாமணி மேடம்.

மேடம் எங்கள் முதலாளி. கணபதியில் ஒரு பெரிய ஷெட், அதன் மாடியில் ஆபீஸ், இதுதான் மைனா ஆடியோ. ஹெட்போன் செய்கிறோம். இதுவரை விற்பதெல்லாம் 'பூம்' என்கிற மாடல். ப்ளூடூத், காதை அப்படியே மூடிக்கொள்ளும், டிரம் அடித்தால் தாடை வரைக்கும் அதிரும். காலேஜ் பிள்ளைகளுக்கு உயிர். நான் கஸ்டமர் கேர். "சார்ஜ் ஏறலைங்க", "நாய் கடிச்சுப்போட்டுதுங்க, வாரண்டி உண்டுங்களா" என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்வது என் வேலை.

இப்போது 'அரங்கம்' என்று ஒரு புது மாடல் வருகிறது. ஒயர் வைத்தது. பூம் வாங்கும் காசில் அதன் டப்பா மட்டும்தான் கிடைக்கும். சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிப் பாட்டுக் கேட்கிறவர்களுக்காகச் செய்வது. அதைக் கேட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்ல மேடம் மூன்று வாரத்துக்கு ஒரு குழு போட்டிருக்கிறார். ஊரில் ஹெட்போன் பிரியர்கள் சங்கம் ஒன்று இருக்கிறதாம், அதிலிருந்து மூன்று பேர். எங்கள் ஆபீசிலிருந்து ஒருத்தர்.

"சுகந்தி, நீதான் அந்த ஒருத்தி" என்றார் மேடம். "கஸ்டமர் சொல்றத நீ எழுதி வெக்கறது படிக்க நல்லா இருக்குது. கம்பளிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குதுன்னு ஒரு நாள் எழுதியிருந்தியே. அந்த மாதிரி சொல்லணும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க மேடம்."

"தெரியாத ஆளுதான் எனக்கு வேணும்."

அதோடு பேச்சு முடிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "காய்ச்சல்னு லீவு போட்டுக்கோ."

"மூணு வாரமாம்மா காய்ச்சல் வரும்?"

காம்பு கிள்ளுவதில் வேகம் மட்டும் கூடியது.


ஜூன் 5, வியாழன்

காலையில் பஸ்ஸில் இடது பக்க ஜன்னல் சீட் கிடைத்தது. நல்ல சகுனம். அந்த சீட் கிடைக்காத நாளில் என் சிவப்பு பூமை எடுத்து மாட்டிக்கொள்வேன். பாட்டு ஓடுகிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. சிவப்பு தூரத்திலிருந்தே தெரியும். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டு நான் திரும்பாவிட்டால், பாட்டுக் கேட்கிறது புள்ள என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள்.

குழுவின் முதல் கூட்டம். அரங்கத்தை வடிவமைத்தவர் தனசேகர் சார். ஒரு வருஷமாக ஒரே மாடியில் வேலை செய்கிறோம், இதுவரை நான்கு வார்த்தை பேசியிருப்போம். காரணம், அவர் வாயைத் திறக்காமல் பேசுகிறவர். உதட்டைப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் சீக்கிரமே போய் இடது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"பூம் கதவு சாத்துன வீடு. அரங்கம் எல்லா ஜன்னலும் திறந்த வீடு" என்றார் அவர். உண்மைதான். அரங்கத்தின் இரண்டு பக்கமும் வலை மாதிரி திறந்திருக்கிறது. உள்ளே ஓடுகிற பாட்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், கீழே ஷெட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் நமக்குக் கேட்கும். இவ்வளவு காசு கொடுத்து எதற்கு இப்படி ஒன்று என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஒரு கச்சேரி போட்டார். இந்தச் சோதனைக்காகவே பதிவு செய்ததாம். ஒரு அம்மா பாட்டு, வீணை, கஞ்சிரா. சங்கத்தில் ஒருவர் பல் டாக்டர், மோகனசுந்தரம் என்று பெயர். கண்ணை மூடியபடியே சொன்னார்: "வீணை அப்படியே என் இடது தோளுக்குப் பக்கத்துல உக்காந்திருக்குதுங்க. கஞ்சிரா வலது கைப்பக்கம். நடுவுல அந்தம்மா. மேடையே தெரியுது."

எழுதித் தரச் சொன்ன பேப்பரில் நான் இப்படி எழுதினேன்: கஞ்சிரா மிகவும் நன்றாக இருந்தது. வீணையும்.


ஜூன் 6, வெள்ளி

தனசேகர் சார் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.


ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்குப் பூமையும் அரங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொன்னார்கள். சங்கத்துக்காரர்கள் பூமை இரண்டு விரலால் தூக்கினார்கள்.

"எல்லாப் பலகாரத்துலயும் ஊறுகாயைப் போட்ட மாதிரி இருக்குது" என்றார் பல் டாக்டர். "இதைப் போயி யாருங்க கேக்கறாங்க?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. தினம் போனில் என்னோடு பேசுகிறவர்களை எல்லாம் அவர் ஊறுகாய் என்று சொன்ன மாதிரி இருந்தது.

"பஸ்ல போறவங்க கேக்கறாங்க சார்" என்றேன். "ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல நாலு பேரு இருக்கறவங்க கேக்கறாங்க. மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்கறவங்க கேக்கறாங்க. பஸ்ஸுல வீணை எந்தப் பக்கம் உக்காந்திருக்குதுன்னு யாரும் பாக்கறதில்லைங்க. இஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு வந்தாப் போதும். உங்க அரங்கத்தை மாட்டிட்டு உக்கடம் பஸ்ஸுல ஏறிப் பாருங்க. கண்டக்டர் விசில்தான் கேக்கும்."

தனசேகர் சார் சிரித்தார். வாயைத் திறந்து சிரித்தார், அதனால் தெரிந்தது. "நானும் காலேஜ்ல பூம் மாதிரி ஒண்ணுதாங்க வெச்சிருந்தேன். அதுல கேட்டுத்தான் எனக்குப் பாட்டுப் பைத்தியமே புடிச்சது" என்றார். பல் டாக்டர் என்னை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையாக.

அந்தக் கிறுகிறுப்பில்தான் தப்பு நடந்துவிட்டது. "சரி, அரங்கத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று தனசேகர் சார் கேட்க, நானும் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன்.

"வீணை பக்கத்து வீட்டுல வாசிக்கற மாதிரி இருக்குதுங்க."

எல்லோரும் மறுபடி மாட்டிக் கேட்டார்கள். வீணை நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். தனசேகர் சார் என் கையிலிருந்த அரங்கத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மூன்று என்று எழுதியிருந்தது.

"மூணாம் நம்பர் பீஸ்ல இடது பக்கம் ஏதோ குறை இருக்கும்போல" என்றார். அவர் முகம் சின்னதாகிவிட்டது.


ஜூன் 13, வெள்ளி

தனசேகர் சார் மூன்றாம் நம்பர் பீஸைக் கழற்றி, அளந்து, மறுபடி மாட்டிவிட்டார். மெஷினில் எல்லாம் சரியாகக் காட்டுகிறதாம். எனக்கு ஐந்தாம் நம்பரைக் கொடுத்து, "இதுல எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இதுல நல்லா இருக்குதுங்க" என்றேன்.

ஆறுதலாகச் சொன்னதுதான். அது இன்னும் மோசமாகிவிட்டது. அளவில் தெரியாத குறை ஒன்று மூன்றாம் நம்பரில் நிச்சயமாக இருக்கிறது என்று இப்போது அவர் முடிவே கட்டிவிட்டார்.


ஜூன் 16, திங்கள்

ஞாயிற்றுக்கிழமையும் வந்து வேலை பார்த்திருக்கிறார். தாடி முளைத்திருக்கிறது. தாடி நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இடது பக்கத்துக்கு வந்த ஸ்பீக்கர்கள் மொத்தமும் சந்தேகம் என்று மேடமிடம் சொல்லிவிட்டார். மேடம் உற்பத்தியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அரங்கத்தை வெளியிடுவதாக இருந்தது. அதுவும் தள்ளிப்போகலாம். கீழே ஷெட்டில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கொண்டுபோன தக்காளிச் சாதம் அப்படியே திரும்பி வந்தது.

அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, "ஆபீசுல சொல்லிப்போடட்டுமா?" என்று கேட்டேன்.

"கோபிக்காரங்க ஞாபகம் இல்லையா உனக்கு?" என்றாள்.

இருக்கிறது. போன வருஷம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தை என் இடது பக்கம் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறார். இரண்டாம் தடவையும் கேட்டிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே எதிரே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. ஊருக்குப் போய், ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினோம், பொருந்தவில்லை என்று போன் செய்தார்கள். இனிமேல் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அன்றைக்கு என் கையைப் பிடித்துச் சொன்னாள். அப்பா போன பிறகு அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சுற்றி வளைத்து எழுதுகிறேன். இது என் டைரி, இதிலாவது நேராக எழுதலாம். என் இடது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தபோது காதும் போயிருந்தது. வலது காது நன்றாகக் கேட்கும். ஹெட்போன் மாட்டினால் மட்டும் பாட்டில் பாதி எனக்கு வராது. அவ்வளவுதான் விஷயம். எழுதிப் பார்த்தால் நாலே வரிதான்.


ஜூன் 17, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகத் தனசேகர் சார் அறைக்குப் போனேன். மூன்றாம் நம்பர் பீஸ் மறுபடியும் கழன்று கிடந்தது.

"மூணாம் நம்பர் நல்லா இருக்குதுங்க. விட்டுடுங்க" என்றேன்.

"இல்லீங்க. நீங்க சும்மா சொல்ற ஆள் இல்ல. உங்க காதுக்கு ஏதோ பட்டிருக்குது."

"என் காதுலதாங்க குறை. எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல இருந்தே. அஞ்சாம் நம்பர் நல்லா இருக்குதுன்னு சொன்னது பொய்."

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். 'அடடா' என்று சொல்லப்போகிறார், தலையைச் சாய்த்துப் பார்க்கப்போகிறார் என்று தயாராக நின்றேன்.

"அப்படின்னா எந்தப் பீஸுமே கெடலையா?" என்றார்.

"இல்லீங்க."

நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நான் போட்ட டிசைனே தப்போன்னு நெனச்சுட்டேங்க. வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயித் தென்னை பாத்துக்கலாம்னு முடிவே பண்ணிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், இந்த ஆள் தென்னையைப் பற்றிப் பேசுகிறார். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விஷயத்துக்கு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்ததில்லை.

சிரித்து முடித்ததும் அவர் ஏதோ யோசித்தார். "அப்ப அந்த வீணையை நீங்க சரியாக் கேக்கவே இல்ல."

"இல்லீங்க."

ஐந்தாம் நம்பரை எடுத்தார். கச்சேரியை ஓடவிட்டார். ஹெட்போனை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றி என்னிடம் நீட்டினார். "திருப்பி மாட்டுங்க."

அவ்வளவு எளிது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாகக்கூட இருந்தது.

மாட்டினேன். வீணை என் வலது தோளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. விரல் தந்தியில் உரசுகிற சத்தம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகிறபோது வரும் அந்த நெளிவு, வாசிக்கிறவர் நடுவில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கஞ்சிரா போய்விட்டது. போகட்டும், அதைத்தான் நிறையக் கேட்டாயிற்றே.

என் போனைச் செருகச் சொல்லி, எனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கிற பாட்டு, வரிக்கு வரி தெரியும். இரண்டாம் சரணத்துக்குப் பின்னால் மூன்று பெண்கள் மெல்ல 'ம்' என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள். டவுன் பஸ் ஸ்பீக்கரில் அவர்கள் இருந்திருப்பார்கள், இரைச்சலில் தெரியவில்லை. ஹெட்போனில் எப்போதும் எனக்குக் கேட்காத பக்கத்தில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுபடி போடச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை. அவர் போட்டுக்கொண்டே இருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

போனிலேயே மோனோ என்று ஒரு செட்டிங் இருக்கிறதாம். அதைத் தட்டினால் இரண்டு பக்கப் பாட்டும் சேர்ந்து ஒரே காதுக்கு வரும். அதையும் காட்டினார். ஹெட்போன் கம்பெனியில் கஸ்டமர் கேரில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

"சொல்ல மாட்டேன். ஆனா மூணாம் நம்பர் எப்படிச் சரியாச்சுன்னு மேடம் கேட்டா நான் என்ன சொல்றது? கெட்டதுன்னு சொல்லியிருக்கறேன். ஷெட்டே நிக்குது."

அது ஒன்று இருக்கிறது.

"நானே சொல்லிக்கறேங்க" என்றேன்.


ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன். குழு மொத்தமும் இருக்கும்போதே.

மேடம் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஷெட்டை நிறுத்தி வெச்சிருக்கறேன் சுகந்தி. இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல" என்றார். கோபம்தான். நியாயமான கோபம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவரே கேட்டார். "ஒரு பக்கம் மட்டும்தான் கேக்குதுன்னு நமக்கு எத்தனை போன் வருது?"

எனக்குச் சட்டென்று தாராபுரம்காரர் ஞாபகம் வந்தார். பூம் வாங்கி, ஒரு பக்கம் பாட்டு வரவில்லை என்று திருப்பி அனுப்பியவர். மாற்றிக் கொடுத்தோம். மறுபடியும் அதையே சொன்னார். அனுப்பிய ஒவ்வொன்றும் இங்கே சோதித்தால் நன்றாக இருந்தது. வேண்டுமென்றே தொந்தரவு கொடுக்கிற ஆள் என்று ஆபீசில் முடிவு கட்டிவிட்டார்கள்.

"அந்தாளுக்குப் போனைப் போடு" என்றார் மேடம்.

ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணா, மைனா ஆடியோவுல இருந்து சுகந்தி பேசறனுங்க. ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? எனக்கு ஒரு காது கேக்காதுங்க. உங்களுக்கும் அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"வலது காதுங்க" என்றார். "சொல்லக் கூச்சமா இருந்துச்சு. உங்க டப்பால வேற 'இருபுறமும் இன்ப இசை'ன்னு போட்டிருந்தீங்களா, ஒருவேளை கேக்குமோன்னு பாத்தனுங்க."

எல்லோரும் மேடம் பக்கம் திரும்பினார்கள். டப்பாவில் அந்த வாசகத்தை எழுதியது மேடம்தான்.

அவர் போனிலும் மோனோ செட்டிங்கைத் தேடிப் போட வைத்தேன். போன் வைக்கும்போது அவர் பாடிக்கொண்டிருந்தார்.

இனி வரும் பூமில் ஒரு சின்ன பட்டன் வைப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகும். அரங்கத்துக்கும் வைக்கலாமா என்று மேடம் கேட்டதற்குப் பல் டாக்டர் பதறிப்போனார். "ரெண்டையும் கலந்துட்டா அப்புறம் மேடை எங்கீங்க இருக்கும்?"

"அரங்கத்துக்கு வேண்டாங்க மேடம்" என்று நானும் சொன்னேன். "அதை நான் திருப்பி மாட்டிக்கறேன். ஒரே பாட்டை ரெண்டு பாட்டாக் கேக்கலாம். இவங்களுக்கெல்லாம் அந்த வசதி இல்லைங்க."

பல் டாக்டர் சத்தமாகச் சிரித்தார். மதியத்துக்கு மேல் ஷெட்டில் மெஷின் ஓட ஆரம்பித்தது.


ஜூன் 19, வியாழன்

அம்மா பேசவில்லை. ரசத்தில் உப்பும் இல்லை.


ஜூன் 25, புதன்

பட்டன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தனசேகர் திங்கட்கிழமையிலிருந்து இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரிகிறார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் வலது பக்கம் நின்றுதான் சொன்னேன்.

மேடம் இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டபோது திரும்பாமல் போய்த் திட்டு வாங்கினார். ரோட்டில் ஹாரன் எந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரியாமல் முட்டை வண்டிக்காரரிடம் திட்டு வாங்கினார். கேன்டீனில் யாரோ ஜோக் சொல்ல, ஒரு நிமிஷம் கழித்து என்னிடம் வந்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"எனக்கும் தெரியலைங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்" என்றேன்.

"தினமும் இப்படித்தானா உங்களுக்கு?"

"பழகிருச்சுங்க."

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "காது கேக்கறது இவ்ளோ வேலைன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக. இப்போதெல்லாம் அப்படித்தான் பேசுகிறார். முதல்முறையாக அவர் பேசுவது எனக்கு முழுசாகப் புரிகிறது. குரலும் மோசமில்லை.

மேலே தனசேகர் என்று எழுதிவிட்டேன். சார் விட்டுப்போயிற்று. அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.


ஜூலை 12, சனி

ஒரு ஓட்டல் மண்டபத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், அரங்கம் வெளியீடு. பாதிப் பேருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒருவர் டிரம் போதவில்லை என்றார். ஒருவர் டிரம் அதிகம் என்றார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பல் டாக்டர் மூன்றாம் நம்பர் பீஸையே கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் யாருக்கும் தெரியாமல் ஒரு பூமும் வாங்கினார். காலை நடைக்காம், ரோட்டில் லாரிச் சத்தம் தாங்கவில்லையாம். பில் போட்டது நான்தான்.

நாற்காலிகளை அடுக்கும்போது தனசேகர் வந்தார்.

"எங்கம்மா உங்க அம்மா நம்பரைக் கேக்கறாங்க. எதுக்குன்னு கேக்காதீங்க."

எதற்கென்று நான் கேட்கவில்லை. நம்பரைச் சொன்னேன். பதற்றத்தில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டு, படி வரைக்கும் போனவரை ஓடிப்போய் நிறுத்தித் திருத்தினேன்.


ஜூலை 13, ஞாயிறு

காலையில் நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மாவின் போன் அடித்தது. கையில் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். தனசேகரின் அம்மா. உடுமலைப் பக்கம் தோட்டம், ஒரே பையன் என்றெல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கொத்தமல்லியைப் பார்த்தேன்.

"நீங்க மேல பேசறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறனுங்க" என்றாள் அம்மா. "என்ற பொண்ணுக்கு இடது காது கேக்காது. ஏழு வயசுல இருந்து. மறைச்சு வெச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லப்படாது."

"தெரியுமுங்க. பையன் மொத வேலையா அதைத்தான் சொன்னான்" என்றார் அந்தம்மா. "அது கெடக்குதுங்க. எனக்கு வேற ஒண்ணு தெரியணும். இவன் ஊட்டுல ஒரு ரேடியோ வெக்க விடமாட்டேங்கறானுங்க. சத்தம் தெளிவா இல்லையாம், அது சரியில்லையாம், இது சரியில்லையாம். என்ற காது மேல ஒரு ஹெட்போனை மாட்டி உட்டுப்போட்டுப் போறான், எனக்குத் தலைதான் வலிக்குது. எனக்கு அடுப்படியில வேலை செய்யறப்ப சத்தமாப் பாட்டுக் கேக்கணுமுங்க. உங்க பொண்ணு எப்படி, சத்தமா வெக்குமா?"

அம்மா சிரித்துவிட்டாள். வெகு நாளைக்கு அப்புறம், தோள் குலுங்கச் சிரித்தாள். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள். அதற்குள் நான் கொத்தமல்லியோடு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

போனை வைத்துவிட்டு அம்மா வந்து என் வலது பக்கமாக நின்றாள். முகமெல்லாம் மாவு.

"சத்தமா வெப்பான்னு சொல்லிட்டேன்" என்றாள். "வெப்பதானே?"

"வெப்பேன்மா" என்றேன்.